வானொலியில் நல்லிசை வளர்த்த டாக்டர் கேஸ்கர்

பாரத நாட்டு வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் டாக்டர் பாலகிருஷ்ண விசுவநாத கேஸ்கர் அவர்களின் பெயரைக் கூறாது மேற்செல்ல இயலாது. அவரைப் போற்றியோர் பலர். தூற்றியோர் அதனினும் பலர். சங்கீத வித்துவான்களுள் சிலர் அவரைக் கலையைக் காக்க வந்த புரவலராகக் கொண்டனர். வேறு சிலர் தம்மை அவமதித்தவராகக் கருதினர். சினிமாப் பாட்டிற்கு உள்ளத்தைப் பறிகொடுத்த பொதுமக்களோ, தம் எளிய மகிழ்ச்சிக்குத் தடை விதித்தவர் என்றே அவரை எண்ணினர். 1952 முதல் 1962 வரை ஏறக்குறைய 10 ஆண்டுகள் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக விளங்கிய அவர் மறைந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. விருப்பு வெறுப்பின்றி அவரது பணியை எடைபோட இஃது ஏற்ற காலமே.

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் மராட்டியப் பெரியார் ஒருவரின் வரலாறு இடம் பெறுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். ஊரையும் உற்றாரையும் விட்டு, உத்தியோகத்தின் பொருட்டு இத்தலைநகருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்நாளில் வால்வு வானொலிப் பெட்டியே சபா மண்டபமாக விளங்கியது. அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் கரோல்பாகிலும் லோதி காலனியிலும் இருந்த சிறு வீடுகளுக்குள் வந்து பாடுவதற்கு வழி வகுத்தவர் கேஸ்கர். அவ்வீடுகளின் பிள்ளைகள் கொழும்பு நிலையத்தைத் தேடிப் பெட்டியின் முள்ளைத் திருப்பியதற்கும் அவரே காரணர். ஆதலின் அவர் வரலாறு நம் குடும்ப வரலாற்றோடு பின்னிக் கிடப்பது.

இளமையும் கல்வியும்

கேஸ்கர் 1903ஆம் ஆண்டு பூனாவில் பிறந்தார். மராட்டிய நாட்டில் படித்த குடும்பங்களில் வடமொழிப் புலமையும் சங்கீத ரசனையும் சேர்ந்தே வளர்ந்த காலம் அது. அவ்விரண்டும் இவரிடம் வாழ்நாள் முழுதும் நிலைத்திருந்தன. தேசிய இயக்கம் இளைஞர்களைத் தன்பால் ஈர்த்த நாட்களில் இவரும் அதில் ஈடுபட்டார். ஒத்துழையாமை இயக்கத்தின் விளைவாகத் தோன்றிய தேசியக் கல்வி நிலையமான காசி வித்யாபீடத்தோடு தொடர்பு கொண்டார். பின்னர்ப் பாரிஸ் நகருக்குச் சென்று அங்குள்ள புகழ்பெற்ற ஸோர்போன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டை முறையாகப் பயின்றவர் அவர். அரசியல் தலைவர்களுள் சங்கீதத்தைக் கேட்டு இன்புறுவோர் உண்டு. அதன் இலக்கணத்தைக் கற்றுக் கருத்துக் கூறுவோர் அரியர். கேஸ்கர் அவ்வரிய சிலருள் ஒருவர்.

காங்கிரஸ் மகாசபையின் பொதுச் செயலாளர்களுள் ஒருவராகப் பணியாற்றிய அவர், சுதந்திரத்திற்குப் பின் 1948இல் வெளிவிவகாரத் துறையின் உதவி அமைச்சரானார். முதற் பொதுத் தேர்தல் முடிந்து 1952இல் புதிய மந்திரிசபை அமைந்தபோது, தகவல் ஒலிபரப்புத் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பூனாவும் காசியும் பாரிஸும் அவருக்குக் கற்பித்தவை யாவும் அன்று முதல் நாடாளுமன்றத் தெருவிலிருந்த ஒலிபரப்பு மாளிகையின் வழியே நாடெங்கும் பரவத் தொடங்கின.

அவர் பொறுப்பேற்ற காலத்து வானொலி

1947இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்திய எல்லைக்குள் அகில இந்திய வானொலிக்கு 6 நிலையங்களே இருந்தன. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, லக்னோ என்பன அவை. அவற்றுள் இரண்டு தமிழகத்தில் அமைந்திருந்தது நமக்குப் பெருமை தரும் செய்தி. வானொலி முற்றிலும் அரசாங்கத்தின் உடைமை. பெட்டி வைத்திருப்போர் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டனர்.

சமஸ்தானங்கள் மறைந்துகொண்டிருந்த காலமும் அதுவே. சங்கீத வித்துவான்களைத் தலைமுறை தலைமுறையாக ஆதரித்துவந்த மன்னர்களின் மானியங்கள் நின்றுபோயின. தென்னாட்டிலேனும் சபாக்களும் கோயில் உற்சவங்களும் ரசிகர் கூட்டமும் கலைஞரைத் தாங்கி நின்றன. வடநாட்டில் அரசவை ஆதரவையே நம்பியிருந்த பல கலைஞர் குடும்பங்கள் திகைத்து நின்றன. ஒருபுறம் ஆதரவு குன்ற, மறுபுறம் சினிமா இசை நாளுக்கு நாள் ஓங்கியது. இந்நிலையில், மன்னர்கள் விட்டுச்சென்ற இடத்தில் மக்களாட்சியின் சார்பில் வானொலியே அமர வேண்டும் என்பது கேஸ்கரின் உறுதியான முடிவு. அவர் செய்த நன்மைகளுக்கும் தவறுகளுக்கும் இம்முடிவே ஊற்றுக்கண்.

தேசிய நிகழ்ச்சி

1952ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் சங்கீத தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. டில்லியிலிருந்து ஒலிபரப்பாகும் ஒரு கச்சேரியை நாட்டிலுள்ள மற்ற நிலையங்களும் ஒரே வேளையில் அஞ்சல் செய்வது இதன் ஏற்பாடு. பின்னாளில் சனிக்கிழமை இரவு 9.30 மணி முதல் 11 மணி வரை என்பது இதற்குரிய வேளையாகப் பலர் நெஞ்சிலும் பதிந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் ஒரே வித்துவானுக்கு அளிப்பது அந்நாளில் துணிவான செயல். அதற்கு முன் 10 நிமிடத்திலும் 20 நிமிடத்திலும் துண்டுபட்டுக் கிடந்த இசை, இப்போது ராகத்தை விரித்துப் பாடவும் தனி ஆவர்த்தனம் வாசிக்கவும் போதிய அவகாசம் பெற்றது.

இத்திட்டத்தின் தனிச்சிறப்பு வடக்கையும் தெற்கையும் ஒரே மேடையில் ஏற்றியதாகும். அமீர்கானின் ஆலாபனையைத் தஞ்சை ஜில்லாவின் ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்க முடிந்தது. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்கள் வடநாட்டுச் சிற்றூர்களை எட்டின. கர்நாடக சங்கீதம் என்ற பெயரைக் கூட அதுவரை கேட்டறியாத இல்லங்களுக்கு அஃது அறிமுகம் ஆயிற்று. எல்லோரும் விரும்பிக் கேட்டனர் என்று கூற இயலாது. மொழி விளங்காமலும் முறை விளங்காமலும் பெட்டியை அணைத்தவர்களும் உண்டு. எனினும், கேட்க விரும்பியவனுக்குத் தடையாக இருந்த தூரமும் பணமும் அன்று விலகின.

1954இல் வானொலி சங்கீத சம்மேளனம் தொடங்கப்பெற்றது. பற்பல நகரங்களில் ரசிகர்கள் முன்னிலையில் கச்சேரிகள் நடத்தப்பட்டுப் பின் ஒலிபரப்பாயின. இளைஞர்களுக்கென இசைப் போட்டிகளும் ஏற்பட்டன. இசையோடு இலக்கியத்திற்கும் இடம் கிடைத்தது. 1956 முதல் குடியரசு தினத்தை ஒட்டி நிகழ்ந்த சர்வ மொழிக் கவி சம்மேளனத்தில் தமிழ்க் கவிதையும் ஏனைய மொழிக் கவிதைகளோடு ஒன்றாக அமர்ந்தது. கலைஞர்களையே நிகழ்ச்சி அமைப்பாளர்களாக நியமிக்கும் வழக்கமும் இக்காலத்ததே. செம்மங்குடி சீனிவாச ஐயர் சென்னை நிலையத்தில் கர்நாடக இசைக்குத் தலைமை அமைப்பாளராகப் பொறுப்பு வகித்ததை அன்பர்கள் அறிவர். கோப்புகளைப் புரட்டும் அதிகாரி செய்துவந்த வேலையைத் தம்பூராவின் ஸ்ருதியறிந்தவரிடம் ஒப்படைத்தது சிறிய மாறுதல் அன்று.

வாத்ய விருந்தா

கேஸ்கர் காலத்துப் புதுமைகளில் நம் நகரத்தோடு நெருங்கிய தொடர்புடையது வாத்ய விருந்தா என்னும் தேசிய வாத்தியக் குழு. 1952இல் டில்லியில் அமைந்த இக்குழுவை இருவர் நடத்தினர். ஒருவர் சிதார் மேதை ரவிசங்கர். மற்றவர் தென்னாட்டுப் பிடில் வித்துவான் டி. கே. ஜெயராம ஐயர். நம் இசையில் தனியொருவரின் கற்பனையே உயிர்நாடி. ஒருவர் பாட, மற்றவர் அவரைப் பின்தொடர்வதே மரபு. பலர் கூடி, முன்னமே எழுதிவைத்த ஸ்வரங்களைப் பிசகாது வாசிப்பது இங்கு அரிய முயற்சியாக இருந்தது. சிதாரும் வீணையும், புல்லாங்குழலும் பிடிலும், தபலாவும் மிருதங்கமும் ஓரணியில் இசைந்து ஒலிக்கும் வகை காணவேண்டியிருந்தது. எந்த வாத்தியம் எவ்விடத்தில் தாங்கி நிற்பது, கமகத்தைப் பலர் சேர்ந்து வாசிக்குங்கால் குழப்பம் நேராமல் எங்ஙனம் காப்பது என்னும் வினாக்களுக்கு அவர்கள் வாசித்து வாசித்தே விடை தேடினர்.

1956இல் ரவிசங்கர் வானொலியை விட்டு விலகியபின், புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷ் டில்லிக்கு வந்து குழுவை நடத்தினார். 1960இல் அவர் காலமாகும் வரை அப்பணி தொடர்ந்தது. ஆந்திர நாட்டு வீணை வித்துவான் ஈமனி சங்கர சாஸ்திரியும் இக்குழுவின் வரலாற்றில் இடம்பெற்றவர். வங்காளியும் தெலுங்கரும் தமிழரும் சேர்ந்து உழைத்த இத்தகைய இசைக்கூடம் அரசாங்கச் செலவில் அன்றி வேறு வகையில் உருவாகியிருக்குமா என்பது ஐயமே.

தேர்வும் மனவருத்தமும்

இனி, அவர் பணியின் மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. வானொலியில் பாடுவோர் அனைவரும் தகுதித் தேர்வுக்கு உட்பட வேண்டும் என்று கேஸ்கர் விதித்தார். லக்னோ இசைக் கல்லூரியின் தலைவராக விளங்கிய பண்டிதர் ரதன்ஜன்கர் இத்தேர்வுப் பணியில் முதன்மை வகித்தார். பாடுபவர் இன்னார் என்று தேர்வாளர் அறியாதபடி குரலை மட்டும் கேட்டு மதிப்பிடும் முறை கையாளப்பட்டது. சிபாரிசுக்கும் செல்வாக்கிற்கும் இடமில்லாமற் செய்வதே நோக்கம். நோக்கத்தில் குறை காண இயலாது. ஆயினும், 30 ஆண்டுகள் மேடையில் அமர்ந்து தலை நரைத்த வித்துவானை, ஒரு ராகத்தின் இலக்கணம் கூறும்படி கேட்பது அவர்க்கு எத்துணை வேதனை தரும்? வடநாட்டுக் கலைஞர் பலர் கொதித்தெழுந்தனர். பம்பாயில் வானொலியைப் புறக்கணிக்கும் கிளர்ச்சியே நிகழ்ந்தது. பின்னர் விதிகள் தளர்த்தப்பட்டன.

வடநாட்டு இசை முஸ்லிம் அரசவைகளைச் சார்ந்து வளர்ந்த காலத்தில் சாஸ்திர அறிவினின்று விலகிவிட்டது என்பது கேஸ்கரின் கொள்கை. பரம்பரை உஸ்தாதுகள்பால் அவர் கொண்ட ஐயுறவு இதிலிருந்து பிறந்தது. இக்கொள்கை நியாயமன்று. ஏட்டில் எழுதாத நுட்பங்களைத் தந்தை மகனுக்கும் ஆசான் சீடனுக்கும் ஊட்டிக் காத்துத் தந்தவர்கள் அவ்வுஸ்தாதுகளே. அவர்கள் காத்த செல்வத்தைத்தான் தேசிய நிகழ்ச்சி நாடெங்கும் வாரி வழங்கியது. இருப்பினும், தேர்வினால் விளைந்த நன்மையையும் மறைத்தலாகாது. யாருடைய சிபாரிசும் இல்லாத சிற்றூர் இளைஞனுக்கும் வானொலியின் வாயில் திறந்தது. வானொலித் தேர்வில் பெற்ற தரத்தைத் தம் பெயரோடு சேர்த்து எழுதும் வழக்கம் நம் இளம் கலைஞர்களிடம் இன்றும் இருக்கிறது.

சினிமாப் பாட்டும் கொழும்பு நிலையமும்

கேஸ்கரின் பெயர் பொதுமக்களிடையே அடிபட்டது சினிமாப் பாட்டினால்தான். மேல்நாட்டு மெட்டுகளைக் கலந்து விரைந்து ஓடும் அப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று அவர் கருதினார். 1952இல் சினிமா இசைக்குரிய நேரத்தைச் சுருக்கினார். பாடல்களைத் தேர்ந்தெடுத்தே ஒலிபரப்ப வேண்டும் என்றும், படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் ஆதலின் பாடியவர் பெயரை மட்டுமே கூற வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். படத் தயாரிப்பாளர்கள் இதனை ஏற்கவில்லை. தம் பாடல்களை ஒலிபரப்ப அளித்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சில மாதங்களில் வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அவ்விடத்தை நிரப்ப 1953இல் மெல்லிசைப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. கவிஞர்களைக் கொண்டு பாடல் எழுதுவித்து, இசையறிந்தோரைக் கொண்டு மெட்டமைத்து, சினிமாவைச் சாராத எளிய பாடல்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் நல்லன பல. நாடோடிப் பாடல்களுக்கும் நிலையங்களில் இடம் கிடைத்தது. ஆனால் கேட்பவர் வேறு திசையை நாடிவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளின் பொருட்டு இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை நிலையம் போருக்குப் பின் இலங்கை வானொலியின் வசமாயிற்று. 1950இல் அங்கு வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. டில்லியில் மூடிய கதவு கொழும்பில் திறந்தது. 1952 டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிய பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சி, அமீன் சயானியின் இனிய குரலில், புதன்கிழமை இரவுதோறும் வடநாட்டுத் தெருக்களை மயக்கியது. பம்பாயில் பதிவு செய்த நாடாக்கள் கொழும்பு சென்று, அங்கிருந்து அலையாகத் திரும்பி வந்தன. தமிழகத்திலும் நிலைமை அதுவே. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரலும் அறியாத தமிழ் வீடு அந்நாளில் அரிது. இந்திய நிறுவனங்களின் விளம்பரப் பணமும் இந்தியச் செவிகளும் கடல் கடந்து சென்றன. தேசிய வானொலியோ சான்றோர் மெச்சும் நிகழ்ச்சிகளோடு தனித்து நின்றது.

விவித் பாரதி

தோல்வியை வாயால் ஒப்புக்கொள்வது அரசியலாருக்கு எளிதன்று. கேஸ்கரின் அமைச்சகம் அதைச் செயலால் ஒப்புக்கொண்டது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி என்னும் பல்சுவை ஒலிபரப்புத் தொடங்கியது. ஹிந்திக் கவிஞர் நரேந்திர சர்மா அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பம்பாயிலும் சென்னையிலும் இருந்த ஆற்றல் வாய்ந்த சிற்றலை நிலையங்கள் அதனைப் பரப்பின. விலக்கிய சினிமாப் பாட்டு 5 ஆண்டுகளுக்குப் பின் முன்வாயில் வழியாகவே திரும்பி வந்தது. ஆயினும் பாட்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாடகமும் நகைச்சுவையும் மெல்லிசையும் இடையிடையே கோக்கப்பட்டன. 1967இல் பம்பாயில் தொடங்கி வர்த்தக விளம்பரமும் அதில் இடம்பெற்றது. விவித் பாரதி இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேஸ்கரின் அமைச்சகம் நிறுவியவற்றுள் மக்கள் மிகவும் நேசித்தது, கேஸ்கர் மனமார விரும்பாத இசைக்கு இடமளித்த இவ்வொலிபரப்பே என்பது விந்தை.

பிற்காலம்

1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கேஸ்கர் தோல்வியுற்றார். அமைச்சர் பதவியும் அதனோடு முடிந்தது. அதன்பின் தேசியப் புத்தக நிறுவனத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் தொண்டாற்றினார். ஒரு மொழியில் எழுதப்பட்ட நல்ல நூல்களைப் பிற இந்திய மொழிகளுக்குக் கொண்டுசெல்லும் நூல்வரிசையும், நேரு பெயரால் அமைந்த சிறுவர் நூல்வரிசையும் அந்நிறுவனத்தின் அரும்பணிகள். அழகிய படங்களோடு குறைந்த விலையில் வந்த அச்சிறு நூல்களைத் தமிழில் வாசித்து வளர்ந்தோர் நம்மிடையே பலர் இருப்பர். 1967இல் இந்திய இசையின் சிக்கல்களையும் எதிர்காலத்தையும் பற்றிக் கேஸ்கர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் வெளியாயிற்று. 1984ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் காலமானார். வானொலியைச் சார்ந்த அமைச்சர்கள் அவருக்குப் பின் பலர் வந்து சென்றனர். ஆயினும் அத்துறையில் அவர்போல் நெடுங்காலம் இருந்தவரும், சங்கீதத்தையே முதற்பணியாகக் கொண்டவரும் வேறு இலர்.

நாம் கொள்ளத்தக்கது

கேஸ்கர் கொடுத்தவை நிலைத்தன; தடுத்தவை திரும்பி வந்தன. அவர் வாழ்வைத் தொகுத்து நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெளிவாகும். தேசிய நிகழ்ச்சியும் சம்மேளனமும் ஈந்த பதிவுகள் வானொலியின் கருவூலத்தில் சேர்ந்து, பின்னாளில் இசைத் தட்டுகளாகவும் வெளிவந்தன. மறைந்த மாமேதைகளின் குரலை இன்று நாம் கேட்கிறோம் என்றால் அன்று செய்த ஒலிப்பதிவே காரணம். அவர் விதித்த தடையோ 5 ஆண்டுகள் கூட நிற்கவில்லை. அந்த 5 ஆண்டுகளிலும் அது ரசனையை உயர்த்தியதாகத் தெரியவில்லை. ரசிகரை அயல்நாட்டு நிலையத்திற்கு அனுப்பியதே கண்ட பலன்.

வேற்று மொழி வழங்கும் நகரில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது நன்கு சிந்திக்கத்தக்க பாடம். நம் குழந்தைகள் பள்ளியில் ஹிந்தி பேசுகின்றனர். தோழரோடு ஹிந்திப் பாட்டுப் பாடுகின்றனர். கைக்கருவியில் உலகத்து இசை முழுவதையும் கேட்கின்றனர். தமிழ் மறந்துபோகுமோ, நம் சங்கீதம் அந்நியமாகுமோ என்று பெற்றோர் கவலுறுவது இயல்பே. கவலை மிகுந்து, வீட்டில் வேறு பாட்டு ஒலிக்கலாகாது, வேறு மொழி பேசலாகாது என்று விதிப்போரும் உளர். மத்திய அமைச்சர் ஒருவர் அரசாங்கத்தின் ஆற்றல் முழுவதையும் கொண்டு செய்ய முடியாததை ஓர் இல்லத்தலைவர் இரண்டு அறை வீட்டில் செய்துவிட முடியுமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொழும்பு நிலையம் எங்கேனும் திறந்தே இருக்கும்.

செய்யத்தக்கது, நல்லதைக் குறித்த வேளையில் தவறாது அளித்தல். சனிக்கிழமை இரவு 9.30 என்றதும் வீடு முழுவதும் அமைதியுற்றதே, அவ்வொழுங்கில்தான் தேசிய நிகழ்ச்சியின் வெற்றி இருந்தது. அன்று தாத்தாவின் அருகில் அமர்ந்து, தாளம் போடும் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்ட பிள்ளைகளுட் சிலர், இன்று நம் சங்கக் கச்சேரிகளில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களே கொழும்பு நிலையத்தையும் கேட்டவர்கள். ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

ஆகவே நம் சங்கத்தின் செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமை இரவு, முன்னாளைய வித்துவான்களின் ஒலிப்பதிவு ஒன்றைக் குடும்பத்தோடு அமர்ந்து கேட்கும் கூட்டத்தை நம் மண்டபத்தில் தொடங்கலாம். விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் ராகத்தையும் பாடலையும் பற்றிச் சில நிமிடங்கள் எளிய தமிழில் கூறட்டும். கூட்டத்தின் இறுதியில், பிள்ளைகள் தாம் விரும்பும் பாட்டு எதுவாயினும் அதனைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டட்டும். பெரியவர்களும் எழுந்து போகாமல் இருந்து கேட்கட்டும். கேஸ்கர் வைத்த விளக்கை அணையாமற் காப்பதற்கும், அவர் செய்த பிழையை நாம் மீண்டும் செய்யாமல் இருப்பதற்கும் இது நல்வழியாகும்.